ஊர்ப்பெயரை வைத்தால் என்ன?

ஒஸ்லோவில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, பிறந்த குழந்தைக்குக் குடும்பப் பெயராகத் தாத்தாவின் பெயரை விட்டுவிட்டுப் புலோலி என்ற ஊர்ப்பெயரைப் பதியப் போகிறாளாம். வீட்டில் பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். "வெள்ளைக்காரனைப் பார், எத்தனை தலைமுறையாய் ஒரே பெயரைக் கட்டிக் காக்கிறான்" என்றார் அவளுடைய மாமனார். நான் இந்த நாட்டில் கடிதம் பிரித்துப் போட்டுப் பிழைத்தவன். குடும்பப் பெயர்களோடுதான் என் சீவியம் போனது. நான் அந்தப் பிள்ளையின் பக்கம்.

மாமனாரின் தலைமுறைக் கணக்கு நோர்வேயில் எடுபடாது. எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்ததே 1923இல்தான். பாதிரிமார், அதிகாரிகள், நகரத்து வியாபாரிகள் முன்பே வைத்திருந்தார்கள், சரி. நாட்டுப்புறத்தில் ஹான்சின் மகன் ஊலே என்றால் ஊலே ஹான்சன். அந்த ஊலேயின் மகன் ஊல்சன். நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுகிற அதே ஏற்பாடு. நிலையான பெயர் என்று வந்தபோது யாரிடம் எது இருந்ததோ, அதுவே பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டது. ஹான்ஸ் என்று ஒருவருமே இல்லாத வீட்டில் பெண்கள் உட்பட எல்லாரும் ஹான்சன், அதாவது ஹான்சின் மகன். இந்நாட்டில் மிக அதிகம் பேரிடம் இருக்கும் குடும்பப் பெயரும் இதுதான்.

தகப்பன் பெயருக்குப் பின்னால் பண்ணையின் பெயரும் வரும். அது வம்சத்தைச் சொல்ல வந்ததல்ல, விலாசம். பெர்க் பண்ணையில் இருக்கும்வரை ஊலே ஹான்சன் பெர்க். கலியாணம் முடித்து மனைவியின் ஹௌகன் பண்ணைக்குப் போனால் ஊலே ஹான்சன் ஹௌகன். பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் கூலிவேலை செய்தவனுக்கும் அதே பெயர் கிடைக்கும். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அண்ணன் தம்பிகளில் ஒருவர் தகப்பன் பெயரையும் மற்றவர் பண்ணைப் பெயரையும் பதிந்து, ஒரே தாய் பிள்ளைகள் இரண்டு குடும்பமாகிப் போனதும் உண்டு.

1920இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் க்னூத் ஹாம்சுன் கதையைப் பாருங்கள். 1859இல் பிறந்தபோது அவர் க்னூத் பேடர்சன். தகப்பன் பேடர், தையற்காரர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் வடக்கே ஹாமரய் பக்கம் பெயர்ந்து, ஹாம்சுண்ட் என்ற பண்ணையில் குடியேறியது. பண்ணை அவர்களுடையதுகூட இல்லை, மாமனுடையது. எழுதத் தொடங்கியபோது அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1885இல் மார்க் ட்வைன் பற்றிய அவருடைய கட்டுரை அச்சானபோது கடைசி எழுத்து விடுபட்டு ஹாம்சுன் ஆகிவிட்டது. மனிதர் திருத்தவில்லை. அச்சுப்பிழையே பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயரானது. (பின்னாளில் ஹிட்லரைப் புகழ்ந்தவர் என்பதால் இங்கே சிலர் இந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அது வேறு கதை.)

இப்போது அந்த மாமனாருக்கு வருகிறேன். தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக்குவதால் மரியாதை கூடும் என்கிறார். எனக்கு அந்த மரியாதை தெரியும். வரி, வங்கி, வாடகை என்று வருகிற கடிதமெல்லாம் இங்கே குடும்பப் பெயராகப் பதிந்த என் அப்பாவின் பெயருக்குத்தான். அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் இரண்டு கிழவர்களின் பெயரில் தபால் வந்துகொண்டிருந்தது.

நோர்வேச் சட்டத்தில் 200 பேரோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் குடும்பப் பெயரை, அவர்கள் சம்மதமில்லாமல் மற்றவர் எடுக்க முடியாது. புதுப்பெயர் ஒன்றைத் தொடங்கவும் இடமுண்டு. ஆகவே புலோலி பதிவானால் அது அந்த வீட்டுக்கே உரிய பெயராக இருக்கும்.

இதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஊர்ப்பெயர் தேடுவார்கள். தேடட்டும். கோப்பாய், புலோலி எல்லாம் தபால்பெட்டித் தகட்டில் அழகாக அடங்கும். புதுக்குடியிருப்புக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.