ஆத்மாவும் விலைச்சீட்டும்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா லென்ஸ்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது: 'ஆளுமை'. லைக்கா லென்ஸில் ஒளி 'சுடர்விடுகிறது', ஸைஸ் லென்ஸில் முகம் 'உயிர்பெறுகிறது' என்பார்கள். எதனால் என்று கேட்டால் பதில் இராது; கேட்டவனுக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பாகிவிடும். நம் கவிதை விமர்சனத்தில் ஊறிப்போன தந்திரம்தான். கண்ணாடி விஷயத்தில் அது சுலபமாகப் பிடிபட்டுவிடுகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காரணம் ஒன்றும் பரம ரகசியமல்ல. 1933-ல் வந்த லைக்காவின் ஸும்மார் 50 மி.மீ. லென்ஸில், கண்ணாடி காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத் திருப்பி அனுப்பும். அதில் கொஞ்சம் உள்ளேயே அலைந்து படத்தின் கறுப்பை வெளுக்கச் செய்யும். 'சுடர்' என்று போற்றப்படுவதில் இந்த வெளுப்பும் சேர்த்தி; துவாரத்தை முழுக்கத் திறக்கும்போது எஞ்சும் கோளப் பிறழ்ச்சியும் சேர்த்தி. லுட்விக் பெர்டெலே ஸைஸுக்காக வடிவமைத்து 1932-ல் வந்த ஸோனார், கண்ணாடிகளை ஒட்டி மூன்று தொகுதிகளாக்கிப் பரப்புகளை ஆறாகக் குறைத்தது. அதனால் அதில் கறுப்பு கறுப்பாக நின்றது. ஆக, வேறுபாடு உண்மை. காரணம் கேட்கக் கூடாது என்கிற பூசாரித்தனத்தைத்தான் மறுக்கிறேன். குறை என்று தெரிந்தே ஒரு முகத்துக்கு அந்த மென்மையைத் தேர்ந்துகொள்வது கலைஞனின் உரிமை. தெரியாமலேயே வியப்பது பக்தி.

இந்தப் பக்தியின் நேர்மையையும் பார்க்கலாம். யுத்தத்துக்குப் பின் ஸைஸின் யந்திரங்களும் தொழில்நுட்பமும் சோவியத் யூனியனுக்குப் போயின. ஸோனார் அங்கே ஜூபிடர்-8 ஆயிற்று. அதே ஆறு கண்ணாடிகள், அதே மூன்று தொகுதிகள். ஆனால் ஓரத்து மங்கல் ஜெர்மன் பெயரின் கீழ் 'ஆளுமை'. ருஷ்யப் பெயரின் கீழ் 'மட்டரகம்'. சோவியத் தயாரிப்பில் ஒன்று போல் மற்றொன்று இராது என்று ஆட்சேபிப்பார்கள். சரி. அப்படியானால் கையிலுள்ள லென்ஸை அல்லவா சோதிக்க வேண்டும்? பெயரைச் சோதித்து என்ன பயன்?

சோதித்துப் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். 1950-ல் டோக்கியோவில், 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனை ஜுன் மிகி என்ற ஜப்பானியர் 85 மி.மீ. நிக்கார் லென்ஸில் படமெடுத்துக் காட்டினார். ஜப்பான் சரக்கு என்றாலே நகல் என்று உலகம் இளக்காரம் செய்த காலம். நிக்காரும் ஸோனார் வழி வந்ததே. டங்கன் படத்தைப் பார்த்தார். தம் லைக்காவிலேயே நிக்கார் லென்ஸ்களை மாட்டிக்கொண்டு கொரிய யுத்தத்தைப் படமெடுத்தார்.

நான் வேலை பார்க்கும் பாங்கில், நகைக் கடனுக்கு வரும் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசுகிறார். எந்த வீட்டுச் சங்கிலி என்று விசாரிப்பதில்லை. விலை, ஒரு லென்ஸ் எவ்வளவு அபூர்வம், எத்தனை பேர் அதற்கு ஆசைப்படுகிறார்கள் என்பதை அளக்கும். காட்சியை அளக்க அதனால் ஆகாது. லென்ஸுக்கு உரைகல் படம். கவிதைக்கு எது உரைகல் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளும் நம் விமர்சகர்கள், லென்ஸிலாவது உரசிப் பழகட்டும்.