ஆகாயத்திலும் அடிமைச் சீட்டு!

"மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற விமானிக்கு என்ன குறை வந்துவிட்டது? அவனுக்காக நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. மூன்றாவது ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வீடு திரும்புகிறவருக்கும், முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பிடுங்குகிறவருக்கும் விமானம் என்பது தலைக்கு மேலே போகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை முதலாளியும் கேட்கிறான். தொழிலாளி கேட்பதற்கும் முதலாளி கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. "அவனுக்கு அதிகம் கிடைக்கிறது, நீ ஏன் அவனோடு சேருகிறாய்?" என்று சொல்லித்தானே ஃபிட்டரையும் நூற்பு ஆளையும், நிரந்தரத் தொழிலாளியையும் பதிலியையும் இத்தனை காலம் பிரித்து வைத்தார்கள்?

விஷயத்துக்கு வருவோம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானக் கம்பெனி பயணிகளை நடுவழியில் நிறுத்தியது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. 3 முதல் 5ஆம் தேதி வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்தாயின, மூன்று லட்சம் பேருக்கு மேல் தவித்தார்கள். நாட்டின் உள்நாட்டு விமானப் பயணத்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இந்த ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. ஏகபோகம் என்று நாம் சொல்லும்போது புத்தகப் பேச்சு என்று சிரித்தவர்கள் அந்த வாரம் விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள்.

காரணம் என்ன? புதிய ஓய்வு விதிகள்தான் காரணம் என்றார்கள். அந்த விதி அப்படி என்ன சொல்லிவிட்டது? விமானிக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி நேரமாக இருந்த ஓய்வு 48 மணி நேரமாக வேண்டும். இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை என்று கணக்கிட வேண்டும். இரவு வேலையில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்று இருந்ததை இரண்டு முறை என்று குறைக்க வேண்டும். இவ்வளவே. நூற்றைம்பது, இருநூறு உயிர்களைச் சுமந்து இருட்டில் இறங்குகிறவனுக்குக் கண் சொக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. இரவு ஷிப்டில் கண் சொக்கினால் விரல் போகும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். விமானி கண் சொக்கினால் என்ன போகும்?

இந்த விதி ராத்திரியோடு ராத்திரியாக வந்து விழுந்ததும் அல்ல. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் அமலாக வேண்டியது, கம்பெனிகளின் எதிர்ப்பால் தள்ளிப்போடப்பட்டது. விமானிகள் டில்லி ஹைகோர்ட் படியேறிய பிறகுதான் 2025 ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக வந்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் அவகாசம்! அந்த இரண்டு வருடத்தில் நிர்வாகம் என்ன செய்தது? புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்தி வைத்தது, ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி எடுக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டது, சம்பளத்தை உயர்த்தாமல் உறைய வைத்தது என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. சர்க்காரின் விமானப் போக்குவரத்து இயக்ககம் நடத்திய விசாரணையும், ஆட்களையும் விமானங்களையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து ஓட்டியதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார் என்றார்களே, அதே வேலைப்பளுதான் இது.

சரி, கம்பெனி நஷ்டத்திலா கிடந்தது? கணக்கைப் பார்ப்போம். 2023-24ஆம் வருடத்தில் நிகர லாபம் 8,172 கோடி ரூபாய். 2024-25இல் 7,258 கோடி. கொரோனாக் காலத்தில் நஷ்டம் வந்தது உண்மை, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டினார்கள்? விமானங்கள் நிறுத்தப்பட்டு நான்கு மாதம் ஆவதற்குள், 2020 ஜூலையில், பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று அறிவித்தார்கள். விமானிகள் சம்பளத்தில் ரூபாய்க்கு நாலணாவுக்கு மேல் வெட்டினார்கள். 2022 ஏப்ரலில் ஆகாயம் மீண்டும் நிரம்பி வழிந்தபோது திருப்பிக் கொடுத்தது 8 சதவிகிதம். வெட்டியதைக் கொடு என்று வேலைநிறுத்தத்துக்கு யோசித்த விமானிகள் சிலரைச் சஸ்பெண்டு செய்தார்கள். நஷ்டம் வந்தால் "நாமெல்லாம் ஒரு குடும்பம்", லாபம் வந்தால் "நீ யார்?" நம் மில்களில் போனஸ் பேச்சு வரும்போதெல்லாம் கேட்டுப் புளித்த பாட்டு!

லாபம் எங்கே போயிற்று என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராகேஷ் கங்வாலின் தரப்பு, 2025 மே மாதத்தில் தன் பங்குகளில் ஒரு பகுதியை மட்டும் விற்று 11,500 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டது. சட்டப்படி விற்றார்கள், வாங்கினார்கள், அதில் குற்றமில்லை என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பங்குக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது? காகிதம் பறந்ததா, விமானம் பறந்ததா? விமானத்தை ஓட்டியவன், பழுது பார்த்தவன், பெட்டி தூக்கியவன், கழிவறை கழுவியவள், இவர்கள் எல்லோருடைய உழைப்பும் அந்த விலையில் இருக்கிறது.

இனி நம் விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம். விமானி வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் உடனே போக முடியாது. 2017இல் சர்க்கார் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருட நோட்டீஸ், துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ். அதற்குமுன் போனால் இன்னொரு கம்பெனி அவனை எடுக்கக்கூடாது. இதுபோக, பயிற்சிச் செலவு என்று சொல்லி எழுதி வாங்கும் பத்திரம் வேறு. பைலட் ஆவதற்கே கோடி ரூபாயைத் தொடும் கடன், கடன் தீருமுன் பத்திரம், பத்திரம் தீருமுன் நோட்டீஸ். 2023இல் ஆகாசா என்ற இன்னொரு கம்பெனி, நோட்டீஸ் காலம் முடியாமல் போன விமானிகள் சிலர்மீது பம்பாய் ஹைகோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கே போட்டது.

தஞ்சைத் தரணியில் பண்ணையாள் எப்படிக் கட்டுண்டு கிடந்தான்? கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக மிராசுதார் களத்தைத் தாண்ட முடியாமல் கிடந்தான். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்ததா? செங்கொடி ஏந்திப் போராடி வாங்கினோம். விமானியின் சாப்பாடும் பண்ணையாளின் கூழும் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு நாம் மதிகெட்டுப் போகவில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் அவன் அறியாதவை. ஆனால் கூலி பிடிக்காவிட்டால் வேறு இடம் போகிற உரிமைதான் உழைப்பவன் கையில் மிஞ்சிய கடைசி உரிமை. அதைக் கூடப் பிடுங்கிக்கொண்டு "சந்தைப்படி சம்பளம்" என்று பேசுவது பித்தலாட்டம். கயிற்றில் கட்டிய மாட்டுக்குச் சந்தை ஏது?

விமானங்கள் நின்ற அந்த வாரத்தில் சர்க்கார் செய்ததைப் பாருங்கள். குற்றம் செய்த கம்பெனிக்கே இரவு வேலை விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு! 2026 ஜனவரியில் அபராதம் என்று ஒன்று போட்டார்கள், 22 கோடியே 20 லட்சம். பெரிய தொகையாகத் தெரிகிறதா? 7,258 கோடியை 365ஆல் வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் 20 கோடி லாபம். ஒரு நாள் லாபத்துக்குச் சற்று மேல் கட்டிவிட்டுக் கை கழுவலாம். வாழைத்தார் திருடியவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இந்த நாட்டில் கிடைக்கும்.

விமானிகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கழுத்தில் டை கட்டியதால் தாங்கள் தொழிலாளி அல்ல என்று அவர்களில் பலர் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பெட்டி தூக்கும் காண்டிராக்ட் தொழிலாளியின் கூலி என்னவென்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஜெட் ஏர்வேஸ் 2019இல் இழுத்து மூடப்பட்டபோது கேப்டனுக்கும் கூலியாளுக்கும் ஒரே மாதிரி சம்பளம் பாக்கி நின்றது. அன்று உடைந்தது அந்த மயக்கம். சொந்தச் சங்கத்தைக் கம்பெனிக்குள் வலுவாகக் கட்டாமல், வெளியிலிருந்து பேசும் கூட்டமைப்பையும் கோர்ட்டையும் மட்டும் நம்பியிருப்பதன் பலனைத்தான் இன்று பார்க்கிறார்கள்.

சங்கம் இருந்தால் என்ன ஆகும்? 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியில் பணிப்பெண்களும் பணியாளர்களும் சுமார் 300 பேர் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். நிர்வாகம் 25 பேரை வேலைநீக்கம் செய்து பயமுறுத்தியது. விவகாரம் டில்லியில் தலைமைத் தொழில் கமிஷனர் முன்னால் போயிற்று. 9ஆம் தேதி பேச்சுவார்த்தை முடிந்தபோது 25 பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சங்கம் நம் கொடியின் கீழ் உள்ளது அல்ல, பாரதிய மஸ்தூர் சங்கத்தைச் சேர்ந்தது. அதனால் உண்மையைச் சொல்லாமல் இருக்கமாட்டோம்.

ஆனால் அந்த ஆயுதத்தையும் இப்போது பறிக்கப் பார்க்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஓர் இடத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம் என்று எழுதியிருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்கிறது. முன்பு இந்த நிபந்தனை பொதுஜன அத்தியாவசியத் தொழில்களுக்கு மட்டும்தான் இருந்தது. இந்த விதி விமானிக்கு மட்டுமல்ல, கோவை மில்லில் ரிங் ஃபிரேம் பார்க்கிற பெண்ணுக்கும் அதே விதிதான். சங்கக் கூட்டங்களில் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள், தோழர்களே. விமானிகள் சங்கம் எங்காவது இதை எதிர்த்து ஊர்வலம் வந்தால், டை கட்டியிருக்கிறார்களே என்று பார்க்காமல் நம் கொடியோடு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.