காசில்லாதவனுக்குப் பட்டணம் இல்லையா?

கல்வராயன் மலைக்காற்றுக்கு வடக்கனந்தலில் எவரும் விலை கேட்பதில்லை. ஆனால் பட்டணம் என்றதும், "அது பணக்காரன் பார்க்கும் இடம்" என்று நம் மக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இது வீண் கூச்சமென்றே நாம் சொல்லுவோம்.

சென்னை மெரீனாவில் 1884-இல் கவர்னர் கிராண்ட் டப் காலத்தில் ஏற்பட்ட உலாவுபாதையில் நடக்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்து படிக்கவும் கட்டணமில்லை. பெண்மக்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பிரயாணமும் இலவசம்.

"இலவசமென்றால் பிச்சைதானே?" என்று சில பெரிய மனிதர்கள் ஏளனம் செய்வார்கள். நாம் கேட்கின்றோம்: சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுப்பவர்களில் கூலிக்காரன் இல்லையா? தன் பணமும் சேர்ந்து கட்டிய வீட்டில் நுழைகிறவன் பிச்சைக்காரனா?

ஒரு காலத்தில், காசிருந்தும் பல தெருக்களில் நடக்க ஒடுக்கப்பட்டோருக்கு வழியில்லை. பொதுத் தெருவும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்பதற்கே 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப் போராடித் திறந்த கதவை, "நமக்கெதற்கு?" என்று நாமே சாத்திக்கொள்வது அறிவுடைமையாகுமா?

ஆகவே தோழர்களே! கடன் வாங்காதீர்கள், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுங்கள். சமைத்துக் கட்டும் பெண்களை வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் கடற்காற்று வாங்கப் போவதானால், அந்தச் சோற்றையாவது நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள்!