ஓடையும் குடமும்

நம் ஊர்ப் பெயரைக் கணினியிடம் கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். பைத்தான் மொழியில் 'பாக்காப்' என்ற நம் ஊர்ப் பெயருக்கு 8 என்று விடை வரும். பா, க், கா, ப் என்று விரல்விட்டு எண்ணினால் நான்குதான். யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் வரும் வினை இது. நான்கெழுத்துச் சொற்களை வடிகட்டச் சொன்னால் நம் ஊரே விழுந்துவிடும்.

எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய 'ஓப்பன் தமிழ்' நிரலகம் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. எழுத்துகளையும் சொற்களையும் பிரிக்க அதில் இரண்டு வழிகள். ஒன்று, எல்லாவற்றையும் பட்டியலாக்கிக் கையில் தரும். மற்றது, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும். விடியுமுன்னே பொட்டலம் கட்டி அடுக்கிய நாசி லெமாக் முதல் வகை. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு வீசிப் போடும் ரொட்டி சானாய் இரண்டாவது. பெரிய கோப்பில் பத்துச் சொல் போதும் என்றால் இரண்டாவதே நல்லது. பத்தாவது சொல் கிடைத்ததும் வேலை நின்றுவிடும்.

ஆனால் இரண்டாவது வழி ஓர் ஓடை; ஒருமுறைதான் ஓடும். தட்டச்சு செய்துவைத்த நம் பழைய இதழ்களில் ரப்பர் தோட்டச் சொற்களைத் தேடியபோது இதை அனுபவித்தோம். முதலில் சொற்களை எண்ணினோம். அடுத்த வரியில் அதே மாறியை வடிகட்டினோம். எண்ணும்போதே ஓடை வற்றிவிட்டதால் எதுவும் வரவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. 'ஒட்டுப்பால்' என்ற சொல்லை நம் இதழில் யாரும் எழுதியதே இல்லை என்று ஒரு நாள் முழுக்க நம்பினோம். தாத்தாக்கள் சுமந்த சொல் அது. மனம் கனத்துவிட்டது.

ஆகவே, தருவது ஓடையா பட்டியலா என்று சொல்லும் பெயர் முக்கியம். 2008இல் பைத்தான் 3 வந்தபோது, பட்டியல் தந்த 'ஃபில்டர்' செயற்கூறு பெயர் மாறாமலே ஓடையாகிவிட்டது. பழைய நிரல்கள் பல இடறின. ஓப்பன் தமிழ் 'இட்டரபிள்' என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அது நேர்மை. ஒரு குறை மட்டும் உண்டு. தமிழ்ச் சொற்களை மட்டும் பட்டியலாகப் பெறத் தனிப் பெயர் இருக்கிறது. ஓடையாகப் பெற உண்மை, பொய் என்று ஒரு கொடியை ஏற்ற வேண்டும். அழைக்கும் வரியைப் படிப்பவருக்கு அந்த 'உண்மை' எதைச் சொல்கிறது?

புதிதாக நிரலகம் எழுதும் நம் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். 'வடி' என்றால் ஓடை, 'பட்டியலாக்கு' என்றால் குடம் என்று இரண்டே பெயர் போதும், இருபது வேண்டாம். 'வடி' மூலத்தையும் நிபந்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கட்டும். எண்ணி முடித்த பிறகும் ஒட்டுப்பால் அங்கேயே இருக்கும்.