தண்டனை யாருக்கு?

இணையப் பக்கம் எழுதக் கண்டிப்பான மொழி நல்லதா, தாராளமானதா? 2000-இல் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற கண்டிப்பான வாத்தியாரை அனுப்பியது. எக்ஸ்எம்எல் விதிப்படி, திறந்த குறியீடு ஒன்றை மூட மறந்தாலும் பிரௌசர் பிழைச் செய்தி காட்டும். தவறு எழுதியவருடையது, தண்டனை படிக்க வந்தவருக்கு!

2004-இல் ஆப்பிள், மொஸில்லா, ஓபரா தரப்பினர் தனிக் குழு அமைத்து, பழைய ஹெச்டிஎம்எல்லையே வளர்த்தனர். பிழையுள்ள பக்கத்தையும் எல்லா பிரௌசர்களும் ஒரே மாதிரி படிக்க விதி வகுத்தனர். 2009-இல் எக்ஸ்ஹெச்டிஎம்எல் 2 முயற்சியைக் கைவிடுவதாக டபிள்யூ3சி அறிவித்தது. 2014-இல் ஹெச்டிஎம்எல்5-க்கு அதுவே முத்திரை குத்தியது.

இலக்கணம் வேண்டாம் என்பதல்ல. பக்கம் அமைப்பவர் கண்டிப்பைத் தம் மேஜையில் வைத்துக்கொள்ளட்டும்; வாசகர் நுழையும் வாசலில் வேண்டாம்.