கிரகணம் ஓட்டை போடாது சாமிகளா!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சூடா இருக்கும். பின்னூட்டத்துல திட்டணும்னா தாராளமா திட்டுங்க.

போன ஞாயிறு ஒரு காதுகுத்து விருந்து. பக்கத்து இலைப் பெரியம்மா, மாசமாக இருந்த ஒரு பொண்ணுகிட்ட சொல்றாங்க: "கிரகணத்தன்னிக்கு வெளிய தலைகாட்டிடாதடி, புள்ளைக்கு இதயத்துல ஓட்டை விழுந்துரும்." எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

என் சித்தப்பா மகளுக்கு 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாசத்திலேயே பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்வை. ரெண்டு வாய் குடிக்கும், மூச்சு வாங்கும், விட்டுவிடும். எடை ஏறவே இல்லை. "உனக்குப் பால் பத்தல"ன்னு வீட்டில் தீர்ப்பு எழுதிட்டாங்க. அப்புறம் எக்கோ எடுத்தா, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் பெரிய ஓட்டை. விஎஸ்டி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழட்டுவதற்குள் அவ மாமியார் கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கு மாடிக்குப் போனியா, இல்லையா?"

போனாதான். 2019 டிசம்பர் 26, திண்டுக்கல்லில் வளைய சூரிய கிரகணம். துணி காயப்போடப் போயிருக்கா.

அய்யா, கணக்குப் போடுங்க. கருவில் இதயத்தின் நாலு அறையும் நடுச்சுவரும் ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் உருவாகி முடிஞ்சிரும். நாள் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் எடுத்துப் பார்க்கிற காலம் அது. கிரகணத்தன்னிக்கு இவளுக்கு ஆறாம் மாசம்! குடிவந்து மூணு மாசம் கழிச்சுப் பெய்த மழையாலதான் அஸ்திவாரம் கோணிப்போச்சாம்!

சும்மா பேச்சுதானே, பெரியவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அந்தப் பேச்சு என்ன செஞ்சுது தெரியுமா? என் தங்கச்சி வாயை மூடிக்கிட்டா. குழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னாலே விசாரணைக் கமிஷன் உட்காரும். அதனால சொல்றதை விட்டுட்டா. மறுபடி காட்டச் சொன்ன தேதியும் போச்சு. "வளர வளர தானா மூடிக்கும்"னு வேற ஒரு ஆறுதல். சின்ன ஓட்டை நிறைய மூடிக்கும், உண்மைதான். பெரிய ஓட்டை அப்படியில்லை. அது வழியா ரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் பாயும். வருஷக்கணக்கில் விட்டால் அங்கே ரத்தக்குழாய்கள் தடிச்சு இறுகிப்போகும். அப்புறம் ஓட்டம் திசை மாறி, உதடு நீலமாகும். அந்த நிலைக்குப் போனபின் ஓட்டையை அடைக்கவும் முடியாது.

இவளுக்கு நல்லவேளை பத்து மாசத்தில் ஆபரேஷன் ஆச்சு, முதல்வர் காப்பீட்டு அட்டையில். பணம் தடையா இல்லை. வாய்தான் தடை.

நூறு குழந்தைக்கு ஏறக்குறைய ஒண்ணு இதயக் குறையோடு பிறக்குது. பெரும்பாலும் இன்னதுதான் காரணம்னு யாராலும் கைகாட்ட முடியாது. தெரிந்த காரணங்கள் சில உண்டு. ஒண்ணு ரூபெல்லா. முதல் மூணு மாசத்தில் தாய்க்கு அந்த அம்மை வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம். அதுக்கு ஊசி இருக்கு. 2017 பிப்ரவரியில் நம்ம பள்ளிக்கூடங்களில் போட வந்தப்போ என்ன செஞ்சோம்? ஊசி ஆபத்துன்னு வாட்ஸப்பில் சுத்தவிட்டோம். எங்க குடும்ப குரூப்பிலும் வந்துது. கிரகணத்துக்குப் பயந்த அதே கூட்டம்தான் ஃபார்வர்ட் பண்ணுச்சு. (நானும் படிச்சிட்டு கம்முனுதான் இருந்தேன். ஒத்துக்கறேன்.)

இன்னொண்ணு, சொந்தத்தில் கல்யாணம். அதில் வாய்ப்பு கொஞ்சம் கூடும். தங்கச்சியைக் கட்டினவர் அவளோட தாய்மாமன் மகன். அதனாலதான் வந்துதுன்னு சொல்லவே இல்லை, சொல்லவும் முடியாது. ஆனா குற்றவாளியைத் தேடியே தீருவேன்னு கிளம்பின குடும்பம், அந்தப் பக்கம் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கலையே? அங்கே திரும்பினா பெரியவங்க எல்லாரும் கூண்டில் ஏறணும். மாடிக்குப் போன மருமக ஒருத்தி ஏறினா சுலபம்.

குட்டி இப்போ பள்ளிக்கூடம் போறா, மாமரத்துல ஏறுறா. நெஞ்சில் நேர்கோடா தழும்பு. யார் வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவா, என்னமோ மெடல் மாதிரி. பாட்டி ஓடிவந்து இழுத்து மூடுவாங்க, "பொம்பளப் புள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்?"

டிஸ்கி: பந்தியில் அந்தப் பெரியம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னியான்னு கேட்பீங்க. இல்லை. ரசம் வாங்கிச் சாப்பிட்டுட்டு எழுந்து வந்துட்டேன். ஆனா அந்தப் பொண்ணு கைகழுவற இடத்துல தனியா வந்து, "அண்ணே, நான் போன மாசம் தெரியாம வெளிய போயிட்டேன்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. அவகிட்ட மட்டும் இந்த எட்டு வாரக் கணக்கைச் சொல்லிட்டு வந்தேன்.