வெனிஸ் நகரின் நுழைவுக் கட்டணம்

கோடையின் உச்சத்தில் வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்திற்கும் ரியால்ட்டோ பாலத்திற்கும் இடைப்பட்ட சந்துகளில் நடப்பதே அரிது. இந்நெரிசலைத் தணிக்கும் நோக்குடன், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் நகராட்சி 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. முதலாண்டில் 29 நாள்களுக்கு நடைமுறையிலிருந்த இத்திட்டம் 2025இல் 54 நாள்களுக்கு விரிந்தது. தாமதமாகப் பதிவு செய்வோருக்குக் கட்டணம் 10 யூரோவானது.

குப்பை அகற்றுதல் முதலிய செலவுகளில் பயணியும் பங்கேற்பது நியாயமே. ஆயினும் வருவோர் எண்ணிக்கைக்கு இத்திட்டம் உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. பெருஞ்செலவில் ஐரோப்பா வந்தவர் 5 யூரோவுக்காக வெனிஸைத் தவிர்க்கப்போவதில்லை. 2021 ஆகஸ்டில் பெரும் உல்லாசக் கப்பல்கள் ஜூதெக்கா கால்வாயில் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அது எல்லை வகுத்தது. இது விலை மட்டுமே குறிக்கிறது.

ஆழமான சிக்கல் குடியிருப்பு சார்ந்தது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த வரலாற்று நகரப் பகுதியில் 2022இல் மக்கள்தொகை 50,000க்குக் கீழே சரிந்தது. வேலையும் வசதியான வீடும் தேடிப் பலர் பெருநிலப் பகுதியான மெஸ்த்ரேவுக்குப் பெயர்ந்தனர். எஞ்சிய வீடுகளிலும் பல இன்று பயணியர் விடுதிகளாகிவிட்டன. இரவு தங்குவோர் தங்கும் வரி செலுத்துவதால் நுழைவுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறுகின்றனர். வீடுகளை விழுங்கும் தேவையோ அவர்களிடமிருந்தே எழுகிறது.

ஆகவே, குறுகியகால வாடகைக்கு உறுதியான வரம்பும், வசூலான தொகையில் உள்ளூர்க் குடும்பங்களுக்கான வீட்டுவசதியும் வேண்டும். இத்திட்டத்தின் வெற்றியை வசூலைக் கொண்டு அளப்பது பொருந்தாது. எத்தனை குடும்பங்கள் மீண்டும் அங்கே குடியேறின என்பதே உரிய அளவுகோல்.